ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்: அடுத்த சுற்றறிக்கைக்கு முன் எங்களையும் கேளுங்கள்

மதிப்பிற்குரிய பல்கலைக்கழக ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

நான் தமிழ்நாட்டின் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் பொருளியல் கற்பிக்கும் இணைப் பேராசிரியர். எந்தப் பல்கலைக்கழகம் என்று இங்கே எழுதவில்லை. உங்களுக்கு அது தெரியும். மற்றவர்கள் தத்தம் பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டு வாசித்துக்கொண்டாலும் பெரிய தவறு வந்துவிடாது.

உங்கள் சென்ற கூட்டத்தில் மூன்று முடிவுகள் எடுக்கப்பட்டதாக அறிகிறோம். சிறிய துறைகளை இணைத்துப் புலங்கள் என்ற பெரிய பிரிவுகளாக்குவது. காலையிலும் மாலையிலும் விரல்ரேகை வைப்பது. பணிச்சுமையை மறுபடி கணக்கிட்டு, நிரந்தரப் பணியில் இல்லாத கௌரவ விரிவுரையாளர்களின் எண்ணிக்கையைக் குறைப்பது. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய நாளிதழ்த் துணுக்கு ஒன்றில்தான் இதை முதலில் பார்த்தோம். துறைத்தலைவரும் அதிலேதான் பார்த்தார். பதிவாளர் அலுவலகத்துச் சுற்றறிக்கை பிறகு வந்தது. அதில் நடைமுறைக்கு வரும் தேதி இருந்தது, காரணம் எதுவும் இல்லை.

மூன்றும் தவறு என்று வாதாட நான் வரவில்லை. இரண்டே ஆசிரியர்கள் மிஞ்சியிருக்கும் துறையைத் தனியாக ஓட்டுவது எவ்வளவு சிரமம் என்று அங்கிருப்பவர்களுக்கே நன்றாகத் தெரியும். சில இணைப்புகள் நல்லதாகக்கூட முடியலாம். முடிவுகள் எங்களிடம் எப்படி வந்து சேர்கின்றன, வந்தபின் எங்களுக்கு என்ன ஆகிறது என்பதை உங்கள் மேஜைக்குக் கொண்டுவருவதுதான் என் நோக்கம். ஆட்சிக்குழுவின் முன் வைக்கப்படும் ஒவ்வொரு பொருளிலும் நிதித் தாக்கம் பற்றி ஒரு பத்தி இருக்கும். அதைச் செய்யப்போகிறவர்களின் உடம்பும் மனசும் என்ன பாடுபடும் என்பதற்கு ஒரு வரியும் கிடையாது.

வாத்தியார்களுக்கு எந்த மாற்றமும் பிடிக்காது என்று நிர்வாகக் கட்டடத்தில் ஒரு பேச்சு உண்டு. 2020 மார்ச்சை நினைத்துப் பாருங்கள். ஊரடங்கு அறிவித்த சில வாரங்களில், வாழ்நாள் முழுக்கக் கரும்பலகையோடு இருந்தவர்கள்கூட செல்போனைப் புத்தக அடுக்கின் மேல் சாய்த்துவைத்துப் பாடம் எடுத்தார்கள். யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. டேட்டாவுக்குப் பணமும் தரவில்லை. சிக்னல் இல்லாத ஊர் மாணவர்களுக்குக் குரல் பதிவு அனுப்பினோம், அதுவும் முடியாதவர்களுக்குத் தபாலில் குறிப்பு அனுப்பிய நண்பர்களும் இருக்கிறார்கள். என் பணிக்காலத்தில் அதைவிடப் பெரிய மாற்றம் வந்ததில்லை. பயம் இருந்தது, களைப்பு இருந்தது. ஆனால் எதை எப்படி நடத்துவது என்பதை அப்போது துறையில் உட்கார்ந்து நாங்களே முடிவு செய்தோம். மேலிடத்துக்கே வழி தெரியாத நேரம் என்பதால் எங்களை எங்கள் போக்கில் விட்டிருந்தீர்கள். இன்று நடப்பதோடு ஒப்பிட்டால் அந்த நாட்களில் நாங்கள் இவ்வளவு சோர்ந்துபோகவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வேலை அதிகம் என்பது உண்மை. ஆனால் அதிகமானது எது என்று பார்க்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு, இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி. மொத்தமாக வாரம் 40 மணி நேர வேலை. தாளில் பார்த்தால் யாருக்கும் பொறாமை வரும். மிச்சமுள்ள நேரத்தில் பாடம் தயாரிக்கலாம், ஆய்வு மாணவரின் அத்தியாயத்தைத் திருத்தலாம், படிக்கலாம், எழுதலாம். அந்த நேரத்தை வேறு எதுவோ தின்றுவிட்டது.

முதலில் செமஸ்டர் முறை வந்தது. பிறகு விருப்பப்பாட முறை வந்தது. அதன் மேல், படித்து முடித்த மாணவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் விளைவு அடிப்படையிலான கல்வி ஏறிக்கொண்டது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்து சி.ஓ. (பாடத்தின் விளைவு) எழுதி, அவற்றை பி.ஓ.வோடு (பட்டப்படிப்பின் விளைவு) பொருத்திக் கட்டங்களில் 1, 2, 3 என்று நிரப்ப வேண்டும். வினாத்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் கே-1 முதல் கே-6 வரை எந்தச் சிந்தனைப் படி என்று குறிக்க வேண்டும். 'பணவீக்கம் என்றால் என்ன?' என்ற கேள்வி எந்தப் படியில் நிற்கிறது என்று மூன்று பேராசிரியர்கள் கூடிப் பேசியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் வந்தது, ஆண்டுதோறும் அதற்கான தர அறிக்கை வந்தது. 2016 முதல் மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை. அப்புறம் உயர்கல்விக் கணக்கெடுப்பு, மாணவர் விவரங்களைப் பதியும் யூமிஸ் தளம், 2022-இல் மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தரும் 'நான் முதல்வன்' திட்டம். ஒவ்வொன்றும் கேட்பது ஏறக்குறைய அதே தகவலைத்தான்: எத்தனை மாணவர், எத்தனை கட்டுரை, எத்தனை கருத்தரங்கு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் வேறு படிவம், வேறு ஆண்டுக் கணக்கு. ஒன்றுக்கு ஜூன் முதல் மே வரை, இன்னொன்றுக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை, வேறொன்றுக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை.

முன்பு இதில் ஒரு பங்கைத் துறை அலுவலகத்து எழுத்தர் பார்த்துக்கொள்வார். பணி ஓய்வு பெற்றவரின் இடத்துக்கு ஆள் வரவில்லை. இப்போது மூன்று துறைக்கு ஒரு எழுத்தர். ஆகவே அந்த வேலையும் சத்தமில்லாமல் எங்களிடம் வந்துவிட்டது. இதற்கு எந்தச் சுற்றறிக்கையும் வரவில்லை. உங்கள் பதிவேட்டில் இடம்பெறாத மாற்றம் இது. பெரியதும் இதுதான் என்பேன்.

'மிக அவசரம்: இன்று மாலை 4 மணிக்குள்' என்று பகல் ஒரு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் எக்செல் தாள் வந்து விழும். வகுப்பில் இருப்பவர் பார்த்திருக்க மாட்டார். 4 மணிக்கு அவர் பெயர் மட்டும் நிரப்பப்படாத வரியாக எல்லோர் கண்ணிலும் படும். ஞாயிற்றுக்கிழமையும் வரும், இரவு பத்தரைக்கும் வரும். ஊரிலிருந்து பேருந்தில் வந்துபோகும் பெண் ஆசிரியர்கள் வீட்டுக்குப் போய்ச் சமைத்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, தூங்கவைத்துவிட்டுத்தான் அந்தத் தாளைத் திறக்கிறார்கள். மறுநாள் காலையில் விரல்ரேகை. மாலையில் மறுபடி விரல்ரேகை. எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு ஒரு ஆய்வாளர் காலையில் நேராகப் போக வேண்டும் என்றால், முதலில் வளாகத்துக்கு வந்து விரலை வைக்க வேண்டும் அல்லது ஓ.டி. (வெளிவேலை அனுமதி) விண்ணப்பித்துக் கையெழுத்துக்காக அலைய வேண்டும். அலைவதைவிட ஆவணக் காப்பகத்துக்குப் போகாமல் இருப்பது சுலபம். இப்படித்தான் ஆய்வு நிற்கிறது. யாரும் ஆய்வை நிறுத்தச் சொல்லவில்லை என்பது உண்மைதான்.

எங்கள் பணி வாழ்க்கையின் விதிகள் எத்தனை முறை மாறின என்பதையும் சொல்ல வேண்டும். 2010-இல் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டுதான் பதவி உயர்வுக்கான ஏ.பி.ஐ. மதிப்பெண் முறை வந்தது. கட்டுரைக்கு இவ்வளவு, கருத்தரங்குக்கு இவ்வளவு என்று எல்லாவற்றுக்கும் எண். அவர் கோப்புகளைச் சேர்க்க ஆரம்பித்தார். இடையில் திருத்தங்கள் வந்தன. 2018-இல் புதிய விதிமுறை வந்து கணக்கு மாறியது. அடுத்த ஆண்டு மானியக் குழு ஏற்கும் ஆய்விதழ்களின் கேர் பட்டியல் வந்தது. அதில் உள்ள ஆய்விதழில் எழுதினால்தான் செல்லும் என்றார்கள். ஆசிரியர் பழைய இதழ்களை விட்டுவிட்டுப் பட்டியலில் உள்ள இதழ்களைத் தேடிப் போனார். பட்டியலில் இருக்கும் இதழின் பெயரில் போலி இணையதளம் நடத்திப் பணம் பறித்தவர்களிடம் சிலர் ஏமாந்தும் போனார்கள். 2025 பிப்ரவரியில் அந்தப் பட்டியலே கைவிடப்பட்டது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, ஜனவரியில், நியமனம், பதவி உயர்வு இரண்டுக்கும் இன்னொரு வரைவு விதிமுறை வெளியாகியிருந்தது.

விதிகளின்படியே போனாலும் முனைவர் பட்டம் உள்ள உதவிப் பேராசிரியர் இணைப் பேராசிரியர் ஆக 12 ஆண்டு. ஆனால் அதற்கான தேர்வுக்குழு கூட வேண்டும், துணைவேந்தரோ அவர் நியமிப்பவரோ தலைமை தாங்க வேண்டும். பாரதியார் பல்கலைக்கழகத்தில் 2022 அக்டோபரிலும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டிலும், அண்ணா பல்கலைக்கழகத்தில் 2024 ஆகஸ்டிலும் துணைவேந்தர்களின் காலம் முடிந்தது. அதன்பின் அந்த நாற்காலிகள் எவ்வளவு காலம் காலியாக இருந்தன, எப்படித் துணைவேந்தருக்குப் பதிலாக ஒருங்கிணைப்புக் குழுக்களை வைத்து ஓட்டினார்கள் என்பதெல்லாம் செய்திகளில் வந்ததுதான். துணைவேந்தரை நியமிப்பது பற்றி ஆளுநருக்கும் அரசுக்கும் இடையே நீதிமன்றம் வரை போன வழக்கில் யார் பக்கம் சரி என்று இங்கே நான் பேசவில்லை. அந்த இடைவெளியில் கோப்பை மூடிவைத்துக் காத்திருந்த உதவிப் பேராசிரியரைப் பற்றித்தான் பேசுகிறேன். நிலுவைத் தொகை என்றாவது கையில் வரலாம். ஆனால் நாற்பது வயதில் வரவேண்டிய பதவி ஐம்பதில் வந்தால், நடுவில் போன பத்து ஆண்டுகளில் அவர் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்பதற்கு எந்த நிலுவையும் ஈடாகாது. எங்கள் வளாகத்தில் நல்ல கணிதப் பேராசிரியர் ஒருவர் கட்டுரை எழுதுவதையே நிறுத்திவிட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை. கேட்டால், "எதுக்கு சார்?" என்கிறார்.

இனி என் சொந்தக் கதை கொஞ்சம்.

எங்கள் துறையில் முதுகலை இரண்டாம் ஆண்டில் கிராம ஆய்வு என்று ஒரு விருப்பப்பாடம் இருந்தது. இதற்குப் பின்னால் ஒரு நீண்ட மரபு உண்டு. 1916-இல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களை அவரவர் ஊர்ப்பக்கம் அனுப்பி நிலம், கடன், கூலி, சாப்பாடு என்று கணக்கெடுக்க வைத்தார். இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, வடமலைபுரம் ஆகிய ஊர்கள் அப்படித்தான் இந்தியப் பொருளியலில் பெயர் பெற்றன. பிறகு வந்த தலைமுறைகள் அதே ஊர்களுக்குத் திரும்பத் திரும்பப் போய், என்ன மாறியது என்று பார்த்திருக்கிறார்கள். அந்த ஆசையில்தான் நாங்களும் பக்கத்து ஒன்றியத்தில் ஒரு கிராமத்தைத் தேர்ந்துகொண்டோம். மாணவர்கள் வீடு வீடாகப் போவார்கள். நிலம் உள்ளவர் முன்னறையில் உட்காரவைத்து மோர் கொடுப்பார். அதே ஊரில் காலனிப் பக்கம் போனால் வேறு கதை கேட்பார்கள். சுய உதவிக் குழுக் கடனை அடைக்க இன்னொரு நுண்கடன் வாங்கிய அம்மாவிடம் வட்டிக் கணக்கைக் கேட்டு எழுதிவிட்டு வந்த மாணவி, அன்று மாலை மரத்தடியில் உட்கார்ந்து, "பாடத்துல இருக்கற வட்டி வீதம் வேற, இது வேற சார்" என்றாள். ஒரு செமஸ்டர் முழுக்க நான் கத்தினாலும் அந்த வாக்கியம் அவளிடமிருந்து வந்திருக்காது.

அந்தப் பாடம் இப்போது இல்லை. 2023-இல் உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டம் வந்தது. ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. எங்கள் இடத்தில் பாடத்திட்டக் குழு ஒரே பிற்பகலில் கூடி ஏற்றுக்கொண்டது. கிராம ஆய்வுக்கு அதில் கட்டம் இல்லை. அலகு ஐந்தாகப் பிரித்து, மணி நேரம் போட்டு, விளைவுகளைப் பொருத்திக் காட்டும்படியாக அது இல்லை என்றார்கள். அதற்குப் பதிலாக வந்த பாடமும் மோசமில்லை, சொல்லப்போனால் தரவுப் பகுப்பாய்வு மாணவர்களுக்கு வேலை கிடைக்க உதவும். ஆனால் கிராம ஆய்வை உருவாக்கிய எங்களிடம், இதை விடலாமா, வேறு எங்காவது வைக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோடை விடுமுறையில் மதிப்பெண் இல்லாமலேகூட நடத்த ஒப்புக்கொண்டிருப்பேன்.

இதை ஏன் இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன் என்றால், ஆசிரியர் நலன் என்று பேசும்போது எல்லோரும் களைப்பை மட்டும் அளக்கிறார்கள். கிராமத்துக்குப் போன நாட்களில் நான் இன்றைவிட அதிகம் களைத்தேன். வெயில், பேருந்து, மாணவிகள் இருட்டுவதற்குள் விடுதி சேர வேண்டுமே என்ற கவலை. ஆனாலும் இரவு நன்றாகத் தூங்கினேன். இப்போது நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறேன், தூக்கம் வருவதில்லை. ரத்த அழுத்த மாத்திரை ஒன்று இரண்டாகியிருக்கிறது. வயதும் ஒரு காரணம் என்பார் மருத்துவர், இருக்கட்டும்.

கௌரவ விரிவுரையாளர்களுக்கு வருகிறேன். மேலே நான் புலம்பியதெல்லாம் நிரந்தரச் சம்பளம் வாங்குகிறவனின் புலம்பல். அவர்கள் நிலைமையே வேறு. தமிழ்நாட்டு அரசு கலைக் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கான கௌரவ விரிவுரையாளர்கள் வருடத்துக்கு 11 மாதம், மாதம் 25,000 ரூபாய்க்கு வேலை பார்த்துவந்திருக்கிறார்கள். மானியக் குழு 2019-இல் வகுத்த வழிகாட்டுதலில் ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை என்று இருக்கிறது. அதைக் கொடுங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் சொன்னது. பல்கலைக்கழகத் துறைகளில் உள்ளவர்களுக்கு அந்த அளவுக்குக்கூடப் பேச ஆள் இல்லை. எங்கள் துறையில் இருக்கும் தம்பி ஒருவர் நெட் தகுதித் தேர்வில் தேறியவர், முனைவர் பட்டம் பெற்றவர், என்னைவிடப் புள்ளியியல் நன்றாகத் தெரிந்தவர். மே மாதம் சம்பளம் கிடையாது. ஜூலை வரை உத்தரவு வராது. அதுவரை ஊரில் டியூஷன் எடுக்கிறார். உத்தரவு வந்தபின், எந்தப் பாடம் என்பதை வகுப்பு தொடங்கும் வாரம்தான் சொல்கிறோம். பெண் வீட்டார், "வேலை பெர்மனென்ட்டா?" என்று கேட்டதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்கள் மூன்றாவது முடிவின்படி இவரைப் போன்றவர்கள் சிலர் அடுத்த ஆண்டு இருக்க மாட்டார்கள். யார் என்று சொல்லப்படவில்லை. பட்டியல் பிறகு வரும் என்கிறார்கள். இதைவிடக் கெட்ட முறை ஒன்று இருக்க முடியாது என்று நினைக்கிறேன். யார் போவார் என்று தெரியாததால் எல்லோரும் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்க்கிறார்கள். யாரும் உடம்பு சரியில்லை என்று விடுப்பு எடுப்பதில்லை. துறைத்தலைவர் சொல்லும் எந்த வேலைக்கும், அவர் வீட்டு விசேஷத்துக்கு வாழைமரம் கட்டுவது உட்பட, முடியாது என்று சொல்வதில்லை. கெட்ட செய்தியாக இருந்தாலும் பரவாயில்லை, தேதியோடும் பெயரோடும் நேரில் சொல்லுங்கள். வேறு வேலை தேடவாவது அவர்களுக்கு நேரம் கிடைக்கும்.

துறைகளை இணைப்பது, ஆட்களை இடம் மாற்றுவது என்று பேசும்போது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் அனுபவத்தை ஒருமுறை வாசித்துவிடுங்கள். 1929-இல் தொடங்கிய பல்கலைக்கழகம். நிதி நெருக்கடி முற்றி 2013-இல் அரசு தன் பொறுப்பில் எடுத்தபோது அங்கே ஆசிரியரும் ஊழியருமாக 12 ஆயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். தேவைக்கு மிக அதிகம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, அவர்களை அப்படிச் சேர்த்தது அவர்கள் குற்றமும் இல்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் உபரி என்று பட்டியலிடப்பட்டவர்கள் பணிநிரவலில் மாநிலம் முழுதும் அரசுக் கல்லூரிகளுக்கும் பிற அலுவலகங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். வேலை போகவில்லை, சம்பளம் வந்தது. அது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் சிதம்பரத்தில் வீடும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வயதான பெற்றோரும் இருக்க, இவர் எங்கோ ஒரு ஊரில் அறை எடுத்துத் தங்கியிருப்பார். போன கல்லூரியில் இவர் அந்தக் கல்லூரிக்காரர் இல்லை. பழைய பல்கலைக்கழகத்தில் இவருக்கு இனி நாற்காலி இல்லை. காலம் நீட்டிக்கப்படுமா, அங்கேயே நிரந்தரமாக்குவார்களா என்ற கேள்வியோடு வருடங்கள் ஓடின. ஆய்வு மாணவர்களை யார் பார்ப்பது, பணிமூப்பை எங்கே வைத்து எண்ணுவது என்பவை எல்லாம் போனபின் எழுந்த கேள்விகள். போகும் முன்பே பதில் எழுதி வைத்திருக்கக் கூடியவைதான் இவை. நம் இணைப்பிலும் இதே கேள்விகள் வரும். இரண்டு துறைகள் ஒரே புலமானால் தலைவர் யார், பட்டத்தின் பெயர் என்ன, ஏற்கெனவே பதிவு செய்த ஆய்வு மாணவரின் சான்றிதழில் எந்தத் துறை இருக்கும்? சுற்றறிக்கையில் ஒன்றுக்கும் விடை இல்லை.

பணமில்லை என்பீர்கள். தெரியும். அரசு மானியம் மொத்த வரவில் பாதிக்கும் கீழே இறங்கியதால் வரிவிலக்கு செல்லாது என்று சொல்லி, 424 கோடி ரூபாய் கேட்டு வருமான வரித்துறை 2024 தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியது. 1857-இல் தொடங்கிய பல்கலைக்கழகத்துக்கே அந்தக் கதி. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சம்பளமும் ஓய்வூதியமும் மாதக்கணக்கில் தாமதமாகி, ஆசிரியர்களும் ஊழியர்களும் வளாகத்தில் போராட்டத்துக்கு உட்கார்ந்தார்கள். ஓய்வுபெற்ற பேராசிரியர்கள் மருந்துச் செலவுக்குப் பிள்ளைகளிடம் கேட்க நேர்ந்ததை எங்களுக்குத் தெரிந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். நம் கணக்கில் எவ்வளவு இருக்கிறது, எத்தனை மாதத்துக்குத் தாங்கும் என்பதை எங்களிடம் திறந்து சொன்னால் நாங்கள் பீதியடைவோம் என்று நினைக்கிறீர்கள். இப்போது தேநீர்க் கடையில் கிடைக்கும் வதந்தியை வைத்து ஏற்கெனவே பீதியில்தான் இருக்கிறோம்.

எங்கள் நலனுக்காக ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. போன ஆண்டு மன அழுத்த மேலாண்மைப் பயிலரங்கம் ஒன்று நடந்தது. வந்தவர் நன்றாகவே பேசினார், மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். வருகைப் பதிவு கட்டாயம். முடிந்ததும் கூகுள் படிவத்தில் கருத்து. அப்புறம் அட்சரேகை தீர்க்கரேகை தெரிகிற புகைப்படத்தோடு நான்கு பக்க அறிக்கை. அதை எழுதும் பொறுப்பு எங்கள் துறைக்கு வந்தது. இரவு உட்கார்ந்து எழுதி முடித்தோம். தர அறிக்கையில் அது ஒரு நல்ல பதிவாகச் சேர்ந்திருக்கும்.

மூச்சுப் பயிற்சியை நான் கேலி செய்யவில்லை, அந்தப் பயிற்சியை இப்போதும் செய்துவருகிறேன். ஆனால் 2019-இல் உலக சுகாதார நிறுவனம் பணிச்சோர்வை நோய் என்று வகைப்படுத்தாமல், வேலை தொடர்பான நிகழ்வு என்றுதான் சேர்த்தது: சரியாகக் கையாளப்படாத நீடித்த பணியிட அழுத்தத்தால் வருவது. அப்படியானால் பயிலரங்கில் உட்கார வேண்டியவர்களில் நீங்களும் இருக்கிறீர்கள். பிரிட்டனில் பணியிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பு 2004-இல் அழுத்தத்துக்கான காரணங்களை ஆறாகப் பிரித்தது. வேலையின் அளவு, தன் வேலை மேல் தனக்குள்ள பிடி, ஆதரவு, உறவுகள், பொறுப்புத் தெளிவு ஆகிய ஐந்தோடு, மாற்றம் கையாளப்படும் விதத்தையும் தனியாக ஒரு காரணமாக வைத்தது. மாற்றம் ஏன் என்று உரிய நேரத்தில் ஊழியருக்குச் சொல்ல வேண்டும், அவர்களைக் கலந்து பேச வேண்டும், அவர்கள் கருத்தால் முடிவு மாற இடம் இருக்க வேண்டும், கால அட்டவணை இருக்க வேண்டும், மாறும் காலத்தில் துணை இருக்க வேண்டும் என்கிறது அந்த வரையறை. அங்கும் பல்கலைக்கழக ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள், ஆகவே எழுதிவைத்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. எழுதிவைத்தால் கேட்கவாவது ஒரு பிடி கிடைக்கும்.

எங்களுக்கு வேண்டியது பெரிய செலவுள்ளது அல்ல. துறையைத் தொடும் எந்த முடிவும் ஆட்சிக்குழுவுக்கு வரும் முன், ஒரு மாதத்துக்குக் குறையாமல் துறைக்குழுவின் பார்வைக்கு வரட்டும். எங்கள் எழுத்துக் கருத்து உங்கள் குறிப்பில் இணைக்கப்படட்டும். நீங்கள் அதை ஏற்காவிட்டால் ஏன் என்று இரண்டு வரி எழுதுங்கள். புதிய வேலை ஒன்றைச் சேர்க்கும் ஒவ்வொரு சுற்றறிக்கையும் எந்தப் பழைய வேலை நிற்கிறது என்பதையும் பெயர் சொல்லிக் குறிப்பிடட்டும். நிற்பதற்கு ஒன்றும் இல்லை என்றால் அந்தச் சுற்றறிக்கையை அனுப்பாதீர்கள். எங்கள் தரவை வருடத்துக்கு ஒருமுறை ஒரே இடத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், நாக்குக்கும் என்.ஐ.ஆர்.எஃப்.க்கும் யூமிஸுக்கும் பிரித்துக் கொடுப்பது தர உறுதி மையத்தின் வேலையாக இருக்கட்டும், அதற்கு ஓர் எழுத்தரையும் போடுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் வரும் வாட்ஸ்அப் உத்தரவு மறுநாள் காலைதான் வந்ததாகக் கருதப்படட்டும். பதவி உயர்வுக் கோப்புகளில் எத்தனை, எந்த மேஜையில் நிற்கின்றன என்று மாதாமாதம் இணையதளத்தில் போடுங்கள்.

கௌரவ விரிவுரையாளர்கள் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். யாரைத் தொடர வைக்கப்போகிறீர்கள், எந்த அடிப்படையில் என்பதை ஏப்ரலுக்குள் எழுத்தில் அறிவியுங்கள். தொடர்பவர்களுக்கு ஜூன் முதல் தேதியில் உத்தரவு கையில் இருக்க வேண்டும். துறைக்குழுக் கூட்டத்தில் அவர்களுக்கு நாற்காலி வேண்டும். பாதிப் பாடத்தை நடத்துகிறவர்கள் வெளியே நிற்க, மீதிப் பாதிக்காரர்கள் பாடத்திட்டம் பேசுவது எங்களுக்கே கூச்சமாக இருக்கிறது. மே மாதச் சம்பளம் பற்றி அரசிடம் கேட்க வேண்டும் என்பீர்கள். கேளுங்கள். ஆட்சிக்குழுத் தீர்மானமாகவே அனுப்புங்கள். நாங்கள் கையெழுத்து வாங்கிப் பின்னிணைப்பாகத் தருகிறோம்.

கிராம ஆய்வைப் பற்றியும் ஒரு விண்ணப்பம் துறை வழியாக வரும். மதிப்பெண் உள்ள பாடமாக முடியாவிட்டால் கூடுதல் பாடமாகக் கேட்டிருக்கிறோம். நீங்கள் மறுத்தாலும் சரி, மறுப்பதற்கு முன் வந்து ஒருநாள் எங்களோடு அந்த ஊருக்கு வாருங்கள். பேருந்து நிறுத்தத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும்.

அடுத்த ஆட்சிக்குழுக் கூட்டத்தில் இந்த மடலை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளும்படி கேட்டு, பதிவாளருக்கு முறைப்படி ஒரு பிரதி கொடுத்திருக்கிறோம். எங்கள் தரப்பில் பேசுவதற்கு ஒரு பேராசிரியர், ஓர் உதவிப் பேராசிரியர், ஒரு கௌரவ விரிவுரையாளர் என மூன்று பேரின் பெயர் அதில் இருக்கிறது. அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். அந்தக் கூட்டம் முடியும்வரை மூன்றாவது முடிவின் பட்டியலை மட்டும் வெளியிடாமல் நிறுத்திவையுங்கள்.

இப்படிக்கு,
பொருளியல் துறை இணைப் பேராசிரியர் ஒருவர்